ரோட்டில போற சனத்துக்கு என்ன விலை?

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ 2000களில் வளர்ந்த ஒருவரிடம் ‘வைஸ் சிட்டி’ என்று சொல்லிப் பாருங்கள். டாங்கி வரவழைக்கிற சீட் கோட்டை இப்பவும் மனப்பாடமாகச் சொல்லுவார். கதை என்ன, கடைசி மிஷன் என்ன என்று கேட்டால் தடுமாறுவார். எங்களில் கனபேர் அந்தக் கேமை முடித்ததே இல்லை. நெட் கஃபேயில் காசு கட்டின நேரம் முடியும் வரைக்கும் ஒரு காரைப் பறித்துக்கொண்டு ஊர் சுற்றுவதுதான் விளையாட்டு. அந்தச் சுற்றலில் நடைபாதையால் போன எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று ஒருத்தரும் கணக்கு வைக்கவில்லை.

ஆனால் எல்லாக் கூட்டத்திலும் இன்னொரு மாதிரி ஆளும் இருப்பார். சிவப்பு லைட்டுக்கு நிற்பார். யாராவது குறுக்கே வந்தால் பிரேக் அடிப்பார். பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்: “மச்சான், இது கேம் டா!”

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது ஆளின் பக்கம் நின்று எழுதப்படுகிறது. திறந்த உலகக் கேம்களில் கதைக்கு ஒரு சம்பந்தமும் இல்லாமல், சும்மா ரோட்டால போகிற மனிதருக்கு என்ன மதிப்பு வைக்கப்பட்டது, அது எப்படி மாறி வந்தது என்று பார்க்கப் போகிறோம். கேம் விளையாடினால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. பிரித்தானியாவில் சுமார் 1,000 பதின்ம வயதினரை வைத்து ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. வன்முறைக் கேம்களுக்கும் அவர்களுடைய முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு இருப்பதாக அதில் தெரியவில்லை. எங்கள் கேள்வி வேற. அந்த வழிப்போக்கருக்கு விலை போட்டது யார்?

புள்ளியாக இருந்த மனிதர்

1976இல் அமெரிக்காவின் எக்ஸிடி நிறுவனம் ‘டெத் ரேஸ்’ என்ற ஆர்கேட் கேமை வெளியிட்டது. கறுப்பு வெள்ளைத் திரை, ஒரு ஸ்டியரிங், ஓடித் திரியும் குச்சி மனிதர்கள். இடித்தால் ஒரு அலறல் கேட்கும், அந்த இடத்தில் ஒரு சிலுவை முளைக்கும், ஒரு புள்ளி கூடும். அவை மனிதர்கள் இல்லை, ‘கிரெம்லின்’ என்ற குட்டிப் பேய்கள் என்று நிறுவனம் சொன்னது. ஆனால் தயாரிப்பில் இருந்தபோது அந்தக் கேமுக்கு வைத்திருந்த பெயரே ‘பெடெஸ்ட்ரியன்’, அதாவது பாதசாரி. எதிர்ப்புக் கிளம்பியது, பத்திரிகைகள் எழுதின, கேம் இன்னும் நன்றாக விற்றது.

இருபத்தொரு வருடம் கழித்து, 1997இல், ஒரே வருடத்தில் இரண்டு கேம்கள் வந்தன. ஒன்று ‘கார்மகெடன்’. ஆட்களை இடித்தால் பந்தயத்தில் கூடுதல் நேரம் கிடைக்கும். பிரித்தானியத் தணிக்கைச் சபை சான்றிதழ் தர மறுத்தது. உடனே மனிதர்களை ஸோம்பிகளாக்கி, சிவப்பு இரத்தத்தைப் பச்சையாக்கினார்கள். ஜெர்மனியில் அவர்கள் ரோபோக்கள் ஆனார்கள். அதே ரோடு, அதே வேகம், அதே இடி. நிறம் மாறியதும் பிரச்சினை தீர்ந்துவிட்டது. பிறகு மேன்முறையீட்டில் வென்று சிவப்பு இரத்தம் திரும்பி வந்தது வேறு கதை. ஒருவரை மனுசர் இல்லை என்று ஆக்கிவிட்டால் அவரை இடிப்பது குற்றமில்லை என்ற லொஜிக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்புக்கு வரும்போது தேவைப்படும்.

மற்றது ‘கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ’. ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் டிஎம்ஏ டிசைன் என்ற சிறிய நிறுவனம் செய்தது. முதலில் அதன் பெயர் ‘ரேஸ் அண்ட் சேஸ்’. பொலிஸாகவும் விளையாடலாம், கள்ளனாகவும் விளையாடலாம். பொலிஸாக விளையாடினால் ரோட்டு விதிகளையும் சனத்தையும் பார்த்துப் போக வேண்டும். அது போரடிக்கிறது என்று பொலிஸ் பாத்திரத்தைத் தூக்கிவிட்டார்கள். வழிப்போக்கரைக் காப்பாற்றும் விளையாட்டு அந்த இடத்திலேயே கைவிடப்பட்டது.

அந்த முதல் கேமில் காவி உடுத்து வரிசையாக ஆடிப்பாடிப் போகும் ஹரே கிருஷ்ணா பக்தர்கள் வருவார்கள். ஒருவர் தப்பாமல் அத்தனை பேரையும் இடித்தால் திரையில் பெரிதாக ‘கௌராங்கா!’ என்று விழும், போனஸ் கிடைக்கும். பக்தர்களுக்கு அது சைதன்ய மகாபிரபுவின் திருநாமம். கேமுக்கு அது ஒரு நகைச்சுவை. பிரித்தானிய மேல்சபை வரைக்கும் இந்தக் கேம் பற்றிய எதிர்ப்புப் போனது. பரபரப்பைக் கிளப்பவென்றே வெளியீட்டாளர்கள் மக்ஸ் கிளிஃபோர்ட் என்ற பிரபல விளம்பரக்காரரைப் பிடித்திருந்தார்கள். எதிர்த்தவர்களின் கோபத்துக்கும் சேர்த்தே ஏற்கெனவே விலை போட்டிருந்தார்கள்.

நட்சத்திரம் ஏறும், இறங்கும்

2001இல் ‘ஜிடிஏ 3’, 2002இல் ‘வைஸ் சிட்டி’. இப்போது வழிப்போக்கர் முப்பரிமாணத்தில் நடக்கிறார், திட்டுகிறார், ஓடுகிறார். அவரை இடிப்பதன் விலையும் மாறுகிறது. பொலிஸ் கண்ணில் பட்டால் ஒரு நட்சத்திரம் ஏறும். இன்னும் செய்தால் இன்னும் ஏறும். அதே நேரம் விழுந்தவரிடமிருந்து காசும் கொட்டும். சிலவேளை அம்புலன்ஸ் வந்து விழுந்தவரை எழுப்பிவிடும். கெமராவைத் திருப்பிப் பார்த்தால் உடல் மறைந்திருக்கும். சாவு வீடு இல்லை, எட்டுச் செலவு இல்லை, தேடி வருகிற அம்மா இல்லை. அந்த நகரத்தில் குழந்தைகளும் இல்லை. குழந்தையை ரோட்டில் விட்டால் என்ன நடக்கும் என்று செய்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

வைஸ் சிட்டியில் ஹெய்ட்டி நாட்டவர்கள் ஒரு கும்பலாக வருவார்கள். அவர்களைக் கொல்லச் சொல்லும் வரிகளும் இருந்தன. 2003இன் கடைசியில் நியூயோர்க்கில் ஹெய்ட்டிய சமூகத்தினர் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். நிறுவனம் அந்த வரிகளை எடுத்துவிட ஒப்புக்கொண்டது. அந்த வரிகளில் எங்களுடைய பெயர் இருந்திருந்தால் “இது கேம் டா” என்று நாங்கள் சிரித்திருப்போமா?

இதே காலத்தில் எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 1999இல் வந்த ‘மிட்டவுன் மேட்னஸ்’ பலருக்கு ஞாபகம் இருக்கும். சிகாகோ நகரில் எப்படித்தான் நடைபாதையில் ஏற்றினாலும் ஆட்கள் பாய்ந்து விலகிவிடுவார்கள். அதே வருடம் வந்த ‘டிரைவர்’ கேமிலும் அப்படித்தான். இடிக்கவே முடியாது. ஆனால் அதில் எங்களுக்கு வேலை ஒன்றுமில்லை. நாங்கள் கவனமாக இருந்ததால் அவர் தப்பவில்லை, அவரைத் தொட முடியாது என்பதால் தப்பினார்.

பொலிஸ் யாரைத் தேடுகிறது?

வைஸ் சிட்டியின் பொலிஸைப் பற்றி இன்னொரு விஷயம். அது தேடுவது குற்றம் செய்த ஒருவரை மட்டும்தான். ஆறு நட்சத்திரம் ஏறி இராணுவமே இறங்கினாலும், உங்களைப் போலவே முகம் உள்ள இன்னொருவரைப் பிடித்துக்கொண்டு போகாது. உங்கள் தெருவில் வீடு வீடாக ஏறாது. கொழும்பில் தமிழராக வளர்ந்தவர்களுக்கு அந்த இடம்தான் நம்ப முடியாத கற்பனை.

இந்த நகரத்தின் கணக்கு வேறு மாதிரி. 1983 ஜூலை 23இல் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அதற்கு விலை கொடுத்தவர்கள் அடுத்த நாள் இரவிலிருந்து கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள். 1996 ஜனவரி 31இல் புலிகள் மத்திய வங்கிக்கு வெடிமருந்து லொறியை ஓட்டினார்கள். சுமார் 90 பேர் செத்தார்கள், 1,400 பேர் வரை காயம். அவர்களில் மிகப்பெரும்பாலானோர் அன்றைக்குக் கோட்டைப் பக்கம் வேலைக்கு வந்த சாதாரண சனம். அது எங்கள் பெயராலும் செய்யப்பட்டது என்பதை நாங்கள் மறைக்கக்கூடாது.

2007 ஜூன் 7இல் கொழும்பு லாட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்களும் அதில் இருந்தார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில், பூசைக்கு வந்த சனத்துக்கு நடுவில் குண்டு வெடித்தது. எல்லா இடங்களிலுமாக 250க்கும் மேற்பட்டோர் அன்று இறந்தார்கள். மூன்று வாரம் கழித்து வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. குண்டோடு ஒரு சம்பந்தமும் இல்லாதவர்கள்.

ஒவ்வொரு முறையும் அடிபட்டவர் வழிப்போக்கர். ஒவ்வொரு முறையும் அவரை வழிப்போக்கர் இல்லை என்று ஆக்க ஒரு காரணம் தயாராக இருந்தது. கார்மகெடனின் பச்சை இரத்தம் போல.

பெயர் தெரிந்தால் என்ன நடக்கும்?

கேம்கள் இதற்குப் பிறகு ஒரு திருப்பம் எடுத்தன. 2007இல் ‘அசாசின்ஸ் கிரீட்’ அப்பாவிகளைக் கொல்லாதே என்பதை வீரனின் சட்டமாகவே வைத்தது. பொதுமக்களைக் கொன்றால் உயிர்க்கோடு குறையும், தொடர்ந்தால் ஆட்டம் உடையும். 2010இல் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ நன்மை தீமைக்கு மரியாதைக் கணக்கு வைத்தது. அதைச் செய்தது ரொக்ஸ்டார் சான் டியாகோ. அதன் பழைய பெயர் ஏஞ்சல் ஸ்டூடியோஸ், மிட்டவுன் மேட்னஸ் செய்த அதே இடம். தொடவே முடியாத மனிதரில் தொடங்கியவர்கள், தொட்டால் வெட்கப்பட வேண்டிய மனிதருக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் அந்தக் கேமிலும் ஒரு ஓட்டை உண்டு: முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டால் பெரும்பாலும் மரியாதை குறையாது. மரியாதை என்பது பிறர் பார்ப்பதில் மட்டும் இருந்தால் முகமூடி போட்டவர் எதுவும் செய்யலாம் என்று அர்த்தம். தலையாட்டிகளைப் பார்த்த நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை.

2014இல் ‘வோட்ச் டோக்ஸ்’ இன்னொரு வழி பிடித்தது. ஃபோனைத் திருப்பினால் தெருவில் போகிற ஒவ்வொருவரின் பெயரும் தொழிலும் சம்பளமும், கூடவே வாழ்க்கையிலிருந்து ஒரு சின்ன விஷயமும் தெரியும். பெயர் தெரிந்ததும் கை கொஞ்சம் தயங்கும். இதுதான் கடைசித் தீர்வு, மனிதரை மனிதராகக் காட்டினால் போதும் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் 83இல் கும்பல்களின் கையில் இருந்ததும் பெயர்கள்தான். வாக்காளர் பட்டியல். எந்த வீட்டில் யார், எந்த இனம் என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள். விவரம் தெரிந்ததால் யாரும் தயங்கவில்லை. விவரம் தெரிந்ததால்தான் வீடு தப்பாமல் வந்தார்கள். அதே நாட்களில் அதே பெயர்கள் தெரிந்த பக்கத்து வீட்டுச் சிங்களவர்களும் முஸ்லிம்களும் எங்கள் ஆட்களை அறைக்குள் பூட்டி வைத்துக் காப்பாற்றினார்கள். பட்டியல் ஒன்றுதான். அதை வைத்து என்ன செய்வது என்பதை மனுசர்தான் முடிவு செய்தார்கள்.

விதியும் பழக்கமும்

செஞ்சிலுவைக் குழு இதை விளங்கிக்கொண்ட மாதிரித் தெரிகிறது. கேம்களில் போர்ச் சட்டமும் இருக்க வேண்டும் என்று 2013இலேயே கேட்டார்கள். 2017இல் ‘ஆர்மா 3’ கேமுக்கு ‘லோஸ் ஒஃப் வோர்’ என்ற பகுதி வந்தது. அதில் நீங்கள் சிப்பாய் இல்லை. சண்டை முடிந்த கிராமத்தில் வெடிக்காத குண்டுகளை அகற்றும் ஆள். முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறவர்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த வேலை புதிதில்லை. 2023இல் ‘ஃபோர்ட்நைட்’ விளையாடுகிறவர்களுக்கு நான்கு விதி சொன்னார்கள்: விழுந்து கிடக்கிறவரைச் சுடாதே, தாக்காதவரைத் தாக்காதே, பொதுமக்களின் கட்டடங்களை உடைக்காதே, மருந்து இருந்தால் எல்லோருக்கும் கொடு.

இவற்றில் எதையும் கேம் கட்டாயப்படுத்தவில்லை. மீறினால் நட்சத்திரம் ஏறாது, கோடு குறையாது. விளையாடுகிறவரே பிடித்துக்கொள்ள வேண்டிய விதிகள். எங்கள் சிவப்பு லைட் ஆள் யாரும் கேட்காமலே செய்துகொண்டிருந்ததும் இதைத்தான்.

2018இன் ‘ஸ்பைடர்மேன்’ கேமில் கூரையிலிருந்து எதிரியை உதைத்துத் தள்ளினாலும், ஒரு வலை தானாகப் போய் அவரைச் சுவரில் ஒட்டிவிடும். அழகான ஏற்பாடு. நிஜத்தில் அப்படி வலை ஒன்றும் இல்லை. இங்கே இருந்தது கதவைத் திறந்த பக்கத்து வீடு, ஒரே நாளில் தடை போட்ட ஒரு நீதிமன்றம்.

நாளைக்கு எங்கள் ஆட்கள் யாராவது கொழும்பை வைத்து ஒரு திறந்த உலகக் கேம் செய்யலாம். ஜம்பட்டா வீதியும் செட்டியார் தெருவும், செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில் கியூவும் அதில் வரும். செய்கிறவர் முதல் நாளே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்: அந்தக் கியூவில் நிற்கிற அம்மாவுக்கு என்ன விலை? புள்ளியா, நட்சத்திரமா, மரியாதையா, அல்லது விலையே போட முடியாதவரா? எதை எழுதினாலும் அது தானாக வந்த விதி இல்லை, ஒருவர் எடுத்த முடிவு. 76இலும் 83இலும் அப்படித்தான்.

அந்தக் கேம் வரும் வரைக்கும், கையில் இருக்கிற கேமில் பிரேக் எங்கே இருக்கிறது என்று ஒருக்கா தேடிப் பாருங்கள். அதற்கும் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள்.