எண் குறித்த சிறுவர்கள்

புகையிரத மேடையில் நின்று எஞ்சின் எண்களைக் கொப்பியில் குறிக்கும் சிறுவர்களைப் பிரித்தானியர் வெகுகாலம் நையாண்டி செய்தனர். வீண்வேலை என்பதே பெரியவர்களின் தீர்ப்பு.

1920 இல் பிராங்க் ஹோர்ன்பி லிவர்பூலில் சாவி கொடுத்து ஓடும் பொம்மைப் புகையிரதத்தைச் சந்தைக்கு விட்டார். 1938 இல் மேசையிலேயே அடங்கும் 'ஹோர்ன்பி டப்லோ' வந்தது. யுத்தத்தின் நடுவே, 1942 இல், சதர்ன் ரயில்வேயில் எழுதுவினைஞராயிருந்த இயன் அலன் எஞ்சின் எண்களைச் சிறுநூலாக்கினார். நிர்வாகம் அக்கறை காட்டவில்லை, தாமே வெளியிட்டார். கண்ட எண்ணின் கீழே கோடிடுவது ஒரு தலைமுறையின் பழக்கமாயிற்று.

1968 ஆகஸ்டில் பிரித்தானியப் பிரதான பாதைகளில் நீராவி ஓய்ந்தது. வேல்ஸின் பாரித் துறைமுகத்தில் பழைய இரும்பு வியாபாரி டாய் வுட்ஹாம் வெட்டுவதற்கென வாங்கிய எஞ்சின்கள் மொத்தம் 297. சரக்குப் பெட்டிகளை வெட்டுவது சுலபம் என்பதால் அவர் அவற்றையே முதலில் வெட்டினார். (வியாபாரக் கணக்கும் சிலவேளை வரலாற்றுக்கு உதவுகிறது!) எஞ்சின்கள் கடற்காற்றில் துருவேறிக் கிடந்தன. அதற்குள் கொப்பிச் சிறுவர் பலர் சம்பளக்காரராகியிருந்தனர். சங்கம் அமைத்து, காசு சேர்த்து, ஒவ்வொன்றாக மீட்டனர். 1990 வரையில் 213 எஞ்சின்கள் அங்கிருந்து வெளியேறின. அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இடமே பெறாத வகைகளும் அவற்றுள் இருந்தன.