சீருடை அணிந்த தூது: சயாம் இளவரசர் சக்ரபோங்சே (1883–1920)

சயாம் இளவரசர் சக்ரபோங்சேயைப் பற்றி எழுதுவோரில் பெரும்பாலோர் அவருடைய காதல் மணத்தில் தொடங்கி அதிலேயே நின்றுவிடுகிறார்கள். ராணுவ வரலாற்றாளர்களோ ‘சயாம் விமானப்படையின் தந்தை’ என்ற ஒரே வரியில் அவரை அடக்கிவிடுகிறார்கள். இரண்டு பார்வைகளும் அவர் வாழ்வைத் துண்டாடுகின்றன. அவர் செய்த படைத்தொழிலையும் தூதுத்தொழிலையும் பிரித்துப் பார்க்க முடியாது. வல்லரசுகளால் நெருக்கப்பட்ட ஒரு சிறிய நாட்டுக்கு, படை களத்தில் வெல்வதைவிட வெளியார் கண்ணில் படுவதே பெரிய பயன் என்பதை அறிந்து செயல்பட்டவர் அவர். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

1893 ஜூலையில் பிரெஞ்சுப் பீரங்கிப் படகுகள் பாக்நாம் கோட்டையைத் தாண்டிச் சாவ்பிரயா ஆற்றில் நுழைந்து பாங்காக்கின் எதிரே நங்கூரமிட்டன. சயாம் மேகாங் ஆற்றின் கிழக்குக் கரையை இழந்தது. இழப்பீடாக 30 லட்சம் பிராங்கும் கட்டியது. மேற்கே பர்மாவும் தெற்கே மலாயாவும் பிரிட்டனின் பிடியில் இருந்தன. இந்த நிலையில் மன்னர் சுலாலங்கோர்ன் தேடிய மூன்றாவது துணை ரஷ்யா. இரண்டாம் நிக்கோலஸ் பட்டத்து இளவரசராக இருந்தபோது, 1891இல் பாங்காக்கில் விருந்தினராகத் தங்கியவர். 1897இல் மன்னர் ரஷ்யா சென்றபோது நட்பு உறுதிப்பட்டது. மறு ஆண்டே மன்னரின் மகன், பதினைந்து வயது சக்ரபோங்சே பீட்டர்ஸ்பர்க்கின் பேஜஸ் ராணுவப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். 1902இல் முதல் மாணவராகத் தேறி ஹுஸ்ஸார் காவல் படைப்பிரிவில் அதிகாரியானார். அவருடன் அனுப்பப்பட்ட, அரச குலம் சாராத மாணவர் நாய் பூம், மதம் மாறி ரஷ்யப் படையிலேயே தங்கிவிட்டார். பிள்ளைகளை வெளிநாட்டுப் படைக்கு அனுப்புவதில் உள்ள இந்த ஆபத்தை அரண்மனை முன்பே எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ரஷ்ய நட்புதான் சயாமைக் காத்தது என்று சிலர் எழுதுவதுண்டு. ஆண்டுகளைக் கவனித்தால் இந்த வாதம் நிற்காது. இளவரசர் ரஷ்யச் சீருடையில் இருந்த 1904இல் சயாம் பிரான்ஸுக்கு மீண்டும் நிலம் கொடுத்தது. 1907இல் பட்டம்பாங், சியாம் ரீப் பகுதிகள் போயின. 1909இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவை பிரிட்டனிடம் சென்றன. ரஷ்யா பிரான்ஸின் கூட்டாளி. சயாமுக்காக அது பாரிஸைப் பகைத்துக்கொள்ளப் போவதில்லை. பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து சயாமுக்குக் கிடைத்தது பாதுகாப்பு என்பதைவிட ஓர் ஆள் என்பதே பொருந்தும். ஐரோப்பிய அரசவையின் பேச்சும் படைத்தலைமையகத்தின் நடைமுறையும் ஒருசேரக் கைவந்த ஆள்.

அந்த ஆளின் திருமணமும் அரசு விவகாரமாயிற்று. ரஷ்ய-ஜப்பானியப் போரில் செவிலியராகப் பணியாற்றிய எகதெரீனா தெஸ்னீத்ஸ்கயாவை, தந்தைக்குத் தெரிவிக்காமல், 1906இல் கான்ஸ்டான்டினோபிளில் கிறித்தவ முறைப்படி மணந்தார். பௌத்த அரசின் இளவரசர், மன்னரின் அனுமதியின்றி, வேற்று மதச் சடங்கில் செய்த திருமணம் அது. மன்னரின் சினம் ஆறவில்லை. 1908இல் பேரன் சுலா பிறந்த பின்னும் மருமகளை ஏற்காமலேயே அவர் 1910இல் இறந்தார். தந்தையின் கோபத்தை வெறும் குடும்பப் பிடிவாதமாகக் கொள்வது எளிது. ஆனால், எந்த வல்லரசின் பக்கமும் சாயாமல் இருப்பதையே கொள்கையாகக் கொண்ட நாட்டில், அரியணைக்கு அருகில் இருப்பவருக்கு ரஷ்ய மனைவி அமைவதை வெளியுறவுச் சிக்கலாக அவர் கண்டிருந்தால் அதில் தவறு இல்லை.

மகனில்லாத அண்ணன் வஜிராவுத் மன்னரானதும், சக்ரபோங்சே அரியணைக்கு அடுத்த வாரிசாகவும் ராணுவத் தலைமையகத்தின் தலைவராகவும் இருந்தார். 1911இல் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவில் சயாமின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். 1912இல் இளம் அதிகாரிகளின் சதி வெளிப்பட்டபோது அதை அடக்கியதும் அவரே. இவை எதிர்பார்க்கக்கூடிய கடமைகள். விமானப் பிரிவின் தொடக்கம்தான் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. பாங்காக் குதிரைப் பந்தயத் திடலில் 1911 தொடக்கத்தில் பெல்ஜிய விமானி வான் டென் போர்ன் பறந்து காட்டியபின், மூன்று அதிகாரிகள் விமானம் ஓட்டப் பழகுவதற்காக அனுப்பப்பட்டனர். அனுப்பிய இடம் பிரான்ஸ்! 1893இல் ஆற்றில் பீரங்கிப் படகுகளை நிறுத்திய அதே நாடு. அவர்கள் பிரெகே, நியூபோர்ட் விமானங்களுடன் திரும்பினர். திடல் தாழ்வானது, நீர் தேங்குவது; அதனால் மேட்டு நிலமான டோன் முவாங்குக்கு 1914இல் தளம் மாறியது.

இந்த முதலீட்டின் பயன் 1917இல் தெரிந்தது. ஜெர்மனியின் திறமையை மெச்சிய அதிகாரிகள் சயாம் படையில் பலர் இருந்தனர். நேச நாடுகளின் பக்கம் சேர வேண்டும் என்ற கருத்துக்குப் படைத்தலைமையில் வலு சேர்த்தவர் சக்ரபோங்சே. ஜூலை 22 அன்று சயாம் போர் அறிவித்தது. துறைமுகத்தில் நின்ற ஜெர்மானியக் கப்பல்கள் கைப்பற்றப்பட்டன. ஒரு சடங்காக அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால், 1918 ஜூனில் 1,284 தொண்டர்கள் பாங்காக்கிலிருந்து கப்பலேறினர். காலாட்படை அல்ல, விமானப் பிரிவு, மோட்டார் வண்டிப் பிரிவு, மருத்துவக் குழு. இந்தத் தேர்வில்தான் படைத்தலைமையகத்தின் அறிவு வெளிப்படுகிறது. சில ஆயிரம் துப்பாக்கி வீரர்கள் அந்தப் போர்முனையில் கரைந்து போயிருப்பார்கள். எந்திரம் அறிந்த ஆசியப் பிரிவு தனித்துத் தெரியும். விமானிகளின் பயிற்சி முடியுமுன் போர் ஓய்ந்துவிட்டது. வண்டிப் பிரிவு மட்டும் போர்முனைக்குச் சரக்கு ஏற்றிச் சென்று பிரெஞ்சு விருது பெற்றது. 19 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலும் நோயாலும் விபத்தாலும். பாங்காக்கின் சனாம் லுவாங் அருகே உள்ள நினைவுச்சின்னத்தில் அவர்கள் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

ராணுவக் கணக்கில் இது சொற்பம். தூதுக் கணக்கில் அப்படியல்ல. 1919 ஜூலையில் பாரிஸ் வெற்றி அணிவகுப்பில் சயாம் வீரர்கள் நடந்தனர். வெர்சாய் மாநாட்டில் சயாமுக்கு இடம் கிடைத்தது. 1920 டிசம்பரில் அமெரிக்கா, சயாமில் தன் குடிமக்களுக்கு இருந்த தனி நீதிமன்ற உரிமையைக் கைவிட ஒப்பந்தம் செய்தது. பிரான்ஸும் பிரிட்டனும் 1925இல் பின்தொடர்ந்தன. போரில் சேராத சயாமுக்கும் இவை காலப்போக்கில் கிடைத்திருக்கும் என்று வாதிடலாம். ஆனால் கேட்கும் உரிமையை, அதுவும் மேசையில் அமர்ந்து கேட்கும் உரிமையை, அந்த 1,284 பேர்தாம் ஈட்டித் தந்தனர்.

இவற்றுள் எந்த ஒப்பந்தத்தையும் சக்ரபோங்சே பார்க்கவில்லை. 1920 ஜூன் 13 அன்று சிங்கப்பூரில் நிமோனியாவால் இறந்தார், வயது 37. 1924இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் அயல்நாட்டு மனைவி உடையவர்களை அரியணை வரிசையிலிருந்து விலக்கியது. மறு ஆண்டு வஜிராவுத் இறந்தபோது, சக்ரபோங்சேயின் மகன் சுலாவைத் தாண்டி, அரியணை தம்பி பிரஜாதிபோக்குக்குச் சென்றது.