ஜாஸ் கேட்கத் தொடங்குவோருக்கு ஆறு அல்பங்கள்

ஜாஸ் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு வரும் முதல் சிக்கல், எங்கே தொடங்குவது என்பதுதான். நூறு வருடங்களுக்கும் மேலான பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. ஹோட்டல் வரவேற்பறைகளில் மெல்லியதாக ஒலிக்கும் பின்னணி இசையும் ஜாஸ் என்ற பெயரில்தான் வருகிறது. அதை மட்டும் கேட்டுவிட்டு, இது வசதி படைத்தவர்களின் இசை என்று ஒதுக்கிவிட்டவர்கள் எம்மில் பலர்.

ஆனால், இது அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் உருவாக்கிய இசை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஓர்லியன்ஸ் நகரின் கறுப்பின மக்களிடையே வளர்ந்தது. தென் மாநிலங்களில் அந்த மக்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. பேருந்திலும் பாடசாலையிலும் தனியாக ஒதுக்கப்பட்டார்கள். அவர்களைக் கொன்றவர்கள் பெரும்பாலும் தண்டனையின்றித் தப்பினார்கள். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது ஜாஸ் வேறுவிதமாகக் கேட்கிறது. அதனால், 1959 முதல் 1971 வரை வெளிவந்த ஆறு அல்பங்களை அவற்றின் பின்னணியோடு இங்கே தருகிறேன். யூடியூபில் தேடினால் இவை கிடைக்கும்.

எப்படிக் கேட்பது?

கோயில் திருவிழாக்களில் நாதஸ்வர தவில் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஜாஸின் அமைப்பு அந்நியமாக இருக்காது. பொதுவாக, முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, அந்த மெட்டை அடிப்படையாக வைத்து, அந்தக் கணத்தில் தோன்றும் கற்பனையில் தனியே வாசிப்பார்கள். நாம் மனோதர்மம் என்று சொல்வது இதைத்தான். இறுதியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். முதல் தடவை மெட்டை மட்டும் மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை ஏதாவது ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள்.

1. கைண்ட் ஒஃப் ப்ளூ – மைல்ஸ் டேவிஸ் (1959)

தொடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான அல்பம் இல்லை. ட்ரம்பெட் கலைஞரான மைல்ஸ் டேவிஸ், விரிவாக எழுதப்பட்ட இசைக்குறிப்புகள் இல்லாமல், சில சுர வரிசைகளை மட்டும் கொடுத்துத் தன் குழுவினரை வாசிக்கச் சொன்னார். நியூயோர்க்கில் இரண்டே நாட்களில் ஒலிப்பதிவு முடிந்தது. முதல் உருப்படியான ‘சோ வட்’ இல் பேஸ் வாத்தியம் கேள்வி கேட்பதுபோல மெட்டை வாசிக்க, மற்றவர்கள் இரண்டு சுரங்களில் பதில் சொல்வதைக் கவனியுங்கள்.

அல்பம் வெளிவந்து ஒரு வாரம்தான் கடந்திருந்தது. நியூயோர்க்கின் பேர்ட்லண்ட் அரங்கில் வாசித்துக்கொண்டிருந்த டேவிஸ், இடைவேளையில் வாசலில் நின்றார். அங்கிருந்து நகரச் சொன்ன பொலிஸாருக்கு, தான் இங்கேதான் வேலை செய்கிறேன் என்றார். தலையில் அடித்து இரத்தம் வழிய வழியக் கைது செய்தார்கள். வாசலில் இருந்த பெயர்ப்பலகையில் அவருடைய பெயர் இருந்தது.

2. டைம் அவுட் – டேவ் புரூபெக் குவார்ட்டெட் (1959)

தாளக் கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு இது பிடிக்கும். ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது. கண்டசாபு தெரிந்தவர்கள் கையில் தாளம் போட்டபடியே கேட்கலாம். பியானோ கலைஞரான புரூபெக்கை 1958இல் அமெரிக்க அரசு வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் அனுப்பியது. துருக்கி, இந்தியா, அன்றைய இலங்கை எல்லாம் அதில் அடக்கம். ஒன்பது எண்ணிக்கையில் அமைந்த ‘ப்ளூ ரொண்டோ’ அப்போது இஸ்தான்புல் தெருவில் கேட்ட தாளத்திலிருந்து பிறந்தது.

உலகத்துக்குச் சமத்துவத்தைக் காட்டுவதற்காக அரசு அனுப்பிய இதே குழுவை, தென் மாநிலக் கல்லூரிகள் பல ஏற்க மறுத்தன. குழுவின் பேஸ் கலைஞர் யூஜின் ரைட் கறுப்பினத்தவர் என்பதே காரணம். அவரை மாற்ற மறுத்த வெள்ளையரான புரூபெக், அந்தக் கச்சேரிகளை இழந்தார்.

3. மிங்கஸ் ஆ அம் – சார்ல்ஸ் மிங்கஸ் (1959)

தேவாலய உற்சாகமும் கோபமும் நையாண்டியும் கலந்த அல்பம். ‘குட்பை போர்க் பை ஹட்’, அந்த வருடம் இறந்த சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்குக்கான அஞ்சலி. ‘ஃபேபிள்ஸ் ஒஃப் ஃபோபஸ்’ ஓர் அரசியல் கேலி. 1957இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ஒரு பாடசாலைக்குள் நுழைவதைத் தடுக்கப் படையை நிறுத்திய ஆர்கன்சா மாநில ஆளுநர்தான் ஃபோபஸ். இந்த அல்பத்தில் அது சொற்கள் இல்லாமலே வெளிவந்தது. அடுத்த வருடம் சிறிய நிறுவனம் ஒன்றுக்காக மிங்கஸ் அதைச் சொற்களோடு பதிவு செய்தார்.

4. வி இன்ஸிஸ்ட்! – மக்ஸ் ரோச் (1960)

இந்தப் பட்டியலில் மிக வெளிப்படையான அரசியல் அல்பம் இதுதான். உணவகத்தில் வெள்ளையருக்கான இடத்தில் அமர்ந்து போராடும் இளைஞர்களை நினைவூட்டும் படம் அட்டையில் இருக்கிறது. ட்ரம்ஸ் கலைஞர் ரோச்சும் பாடகி அபி லிங்கனும் அடிமைத்தனத்திலிருந்து தென்னாபிரிக்கா வரை பயணிக்கிறார்கள். ‘டியர்ஸ் ஃபோர் ஜொஹனஸ்பேர்க்’ உருப்படிக்குப் பின்னால், 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் பொலிஸார் 69 பேரைச் சுட்டுக்கொன்ற சம்பவம் இருக்கிறது.

ஒரு முன்னெச்சரிக்கை: ‘ட்ரிப்டிக்’ என்ற உருப்படியில் ட்ரம்ஸும் குரலும் மட்டுமே. அதன் நடுப்பகுதியில் லிங்கன் சொற்களே இல்லாமல் அலறுகிறார். போரின் சத்தங்கள் இன்னும் உறங்கவிடாதவர்கள் அதைத் தாண்டிச் செல்லலாம். மற்ற உருப்படிகள் தனித்தும் நிற்கும்.

5. லைவ் அட் பேர்ட்லண்ட் – ஜோன் கோல்ட்ரேன் (1964)

சாக்ஸபோன் என்றால் எமக்குக் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். ஜாஸில் அந்த வாத்தியத்தின் பெரும் பெயர்களில் ஒருவர் கோல்ட்ரேன். டேவிஸ் தாக்கப்பட்ட அதே பேர்ட்லண்ட் அரங்கில் வாசித்த மூன்று உருப்படிகள் இதில் உண்டு. ஆனால், தேடிக் கேட்கவேண்டியது ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவான ‘அலபாமா’.

1963 செப்டெம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அலபாமா மாநிலத்தின் பேர்மிங்ஹாம் நகரில், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வெள்ளை இனவாதிகள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு 14 வயது, ஒருவருக்கு 11. இரண்டு மாதங்களின் பின் கோல்ட்ரேன் இதைப் பதிவு செய்தார். ஐந்து நிமிடங்கள்தான். பியானோவின் தாழ்ந்த முழக்கத்தின்மேல் சாக்ஸபோன் ஒப்பாரிபோல எழுகிறது. சொல் ஒன்றும் இல்லை. தலைப்பில்கூட மாநிலத்தின் பெயர் மட்டும்தான்.

சந்தேகநபர்கள் யார் என்பது 1965இலேயே எஃப்.பி.ஐ.க்குத் தெரிந்திருந்தது. ஆனால், முதல் குற்றவாளி தண்டிக்கப்பட்டது 1977இல். மற்ற இருவர் 2001இலும் 2002இலும். நான்காமவர் வழக்கே தொடரப்படாமல் இறந்துபோனார். கடைசித் தீர்ப்புக்கு 39 வருடங்களாகின. இந்தக் காத்திருப்பு என்னவென்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

6. ஜேர்னி இன் சச்சிதானந்தா – அலிஸ் கோல்ட்ரேன் (1971)

1967இல் ஜோன் கோல்ட்ரேன் 40 வயதில் புற்றுநோயால் இறந்தபோது, அவருடைய மனைவி அலிஸ் நான்கு பிள்ளைகளோடு தனித்துவிடப்பட்டார். பியானோவும் யாழை ஒத்த ஹார்ப்பும் வாசிப்பவர் அவர். அந்தத் துயரத்தில் அவருக்கு ஆறுதலாக இருந்தவர் சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூருக்கு அருகில் பிறந்து, 1950களில் திருகோணமலையில் ஆச்சிரமம் நடத்தியவர். அவர் பெயரிலான இந்த அல்பத்தில் தம்புராவின் சுருதி எமக்குப் பழக்கமானது. அதன்மேல் ஹார்ப்பும் ஃபரோ சாண்டர்ஸின் சாக்ஸபோனும் மெதுவாக வந்து சேர்கின்றன. இரவில், வேலைகள் முடிந்தபின் கேட்க ஏற்றது.

அடுத்து?

ஒரே நாளில் ஆறையும் கேட்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும். முதல் இரண்டும் காதைப் பழக்கும். அதன்பின் மற்றவை எளிதாகும். ‘அலபாமா’ பிடித்திருந்தால் கோல்ட்ரேனின் ‘அ லவ் சுப்ரீம்’ (1965) கேளுங்கள். குரலிசை விரும்புபவர்கள் பில்லி ஹொலிடேயிடம் போகலாம். கறுப்பின மக்கள் மரத்தில் தூக்கிலிடப்பட்டதைப் பற்றி 1939இல் அவர் பாடிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ டை அவருடைய இசைத்தட்டு நிறுவனமே பதிவு செய்ய மறுத்தது. அவர் வேறொரு சிறிய நிறுவனத்தில் அதைப் பாடிப் பதிவு செய்தார். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது.