பிளேடு போட்ட வரலாறு

ஒருவர் சலிப்பாகப் பேசினால் அதற்குத் தமிழில் மூன்று பெயர்கள்: அறுவை, ரம்பம், பிளேடு. புத்தக அலமாரியைத் தானே செய்யப்போவதாகக் கிளம்பிய நண்பன், "கம்மி விலைல நல்லதா ஒரு ஸ்லைடிங் மைட்டர் சா சொல்லுடா" என்று கேட்டான். நான் நூறு வருஷத்துக் கதையை ஆரம்பித்தேன். "ஏன்டா ரம்பம் போடுற?" என்றான். வேறு வழியில்லை. இந்த மிஷினில் எதில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கவே கூடாது என்பதற்கான பதில் அந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

வட்ட ரம்பம் பழைய சரக்கு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777லேயே வட்ட ரம்பத்தால் அறுக்கும் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அங்கே ரம்பம் ஓரிடத்தில் நின்று சுற்றும், மரம் அதைத் தேடிப் போகும். நீளமான பலகையைக் குறுக்கே வெட்ட இது சரிப்படாது. இருபதடிப் பலகையை யார் தூக்கிப் பிடிப்பது?

1920களின் தொடக்கத்தில் இதைத் திருப்பிப்போட்டவர் ரேமண்ட் டிவால்ட். நியூ ஜெர்சியில் ஒரு மர ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். மோட்டாரையும் ரம்பத்தையும் மேலே ஒரு இரும்புக் கையில் தொங்கவிட்டார். மரம் மேஜையில் அசையாமல் கிடக்கும், ரம்பம் அதன்மேல் நகர்ந்து வரும். இதுதான் ரேடியல் ஆர்ம் சா. 1924ல் அவர் பெயரில் கம்பெனியே தொடங்கியது. இன்று மஞ்சள் நிற டிரில் மிஷின்களில் நாம் பார்க்கிற பெயர் அவருடையதுதான்.

அற்புதமான மிஷின். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. வெட்டுகிறவர் ரம்பத்தைத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். ரம்பத்தின் அடிப்பக்கப் பற்களோ அவரைவிட்டு விலகும் திசையில் சுற்றுகின்றன. மரம் இறுகிவிட்டால் ரம்பம் வண்டிச் சக்கரம் மாதிரி அதன்மேல் ஏறி, இழுக்கிறவரை நோக்கியே ஓடி வரும். பிற்பாடு இது வீட்டுப் பட்டறைகளுக்குள்ளும் புகுந்தது. 1958 முதல் 1992 வரை அமெரிக்காவில் விற்ற சுமார் 37 லட்சம் கிராஃப்ட்ஸ்மேன் ரேடியல் ஆர்ம் ரம்பங்களைப் பற்றி 2000ஆம் ஆண்டில் ஓர் அறிவிப்பு வந்தது: பிளேடை மூடும் காப்பு போதவில்லை, திரும்பப் பெறுகிறோம்.

நடுவில், 1960களில், இன்னொரு கிளை முளைத்தது. ரம்பத்தை இழுக்கவே வேண்டாம், கீல் வைத்து மேலிருந்து அழுத்தினால் போதும் என்று மின்சார மைட்டர் சா வந்தது. படச்சட்டத்துக்கும் கதவு நிலைக்கும் 45 டிகிரி வெட்ட அருமையாக இருந்தது. குறை ஒன்றுதான்: பத்து அங்குல பிளேடு போட்டாலும் கிட்டத்தட்ட ஆறு அங்குல அகலத்துக்கு மேல் வெட்டாது. 1980களின் இறுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் அந்தத் தலையைத் தண்டவாளக் குழாய்களில் ஏற்றி முன்னும் பின்னும் நகரவிட்டன. எட்டரை அங்குல பிளேடே ஓரடி அகலப் பலகையை வெட்டியது. என் நண்பனின் அலமாரிக்கு வேண்டியது இந்த வசதிதான்.

ஆனால் தாத்தாவின் வில்லங்கம் பேரனிடமும் இருக்கிறது. தலையை முன்னால் இழுத்து, கீழே அழுத்தி, அப்புறம் பின்னால் தள்ளி வெட்ட வேண்டும். இழுத்துக்கொண்டே வெட்டினால் அது பழைய ரேடியல் ஆர்ம்தான், பாய்ந்து வரும்.

இப்போது பல்லுக்கு வருவோம். முன்பு தச்சாசாரி வேலை தொடங்குமுன் ரம்பத்தை மடியில் வைத்து, அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவார். குறுக்கே அறுக்க ஒரு கூர், நெடுக்கே அறுக்க வேறு கூர். எந்த மரத்துக்கு எந்தப் பல் என்ற அறிவு அவர் கையில் இருந்தது.

அந்த அறிவைக் கையிலிருந்து பிடுங்கியது, சம்பந்தமே இல்லாத ஒரு பல்பு கம்பெனி. பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழையை வைர அச்சில் நுழைத்து இழுப்பார்கள். வைரம் விலை அதிகம். மாற்றுத் தேடிய பெர்லின் ஒஸ்ராம் கம்பெனியின் கார்ல் ஷ்ரோட்டர், 1923ல் டங்ஸ்டன் கார்பைடு பொடியைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சுட்டுக் கெட்டியாக்கினார். க்ரூப் நிறுவனம் அதை 'விடியா' என்று விற்றது. ஜெர்மனில் 'வைரம் போல' என்பதன் சுருக்கம். பிற்பாடு அதன் துணுக்குகளை ரம்பப் பற்களின் நுனியில் பற்றவைத்தார்கள். பல மடங்கு காலம் உழைத்தன. ஆனால் தச்சரின் அரம் அதில் ஏறாது. தீட்டுவதற்கு வைரச் சக்கரம் வேண்டும். ஆக, காலையில் பட்டறையில் தச்சர் செய்த தேர்வை இன்று நாம் கடைக் கவுன்டரில் செய்கிறோம், பெரும்பாலும் யோசிக்காமலேயே.

அதனால் நண்பனிடம் சொன்னது இது. மிஷினில் லேசர் கோடு, பளபளப்பு எல்லாம் போனால் போகட்டும். கடையில் ஒரே ஒரு சோதனை: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தலையை முழுசாக முன்னால் இழுத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். லொடலொடன்னு ஆடினால் வேண்டாம். ஆட்டம் இல்லாத எளிய மிஷின் போதும். மிச்சமாகும் காசை பிளேடில் போடு.

பிளேடில் பார்க்க வேண்டியது பல்லின் சாய்வு. டேபிள் சா பிளேடின் பல் 15, 20 டிகிரி முன்னால் சாய்ந்திருக்கும், பேராசைக்காரப் பல். அதை ஸ்லைடிங் மிஷினில் மாட்டினால் மரத்தின்மேல் ஏறப் பார்க்கும். இதற்குச் சாய்வு பூஜ்யத்தை ஒட்டி, கூட்டல் கழித்தல் ஐந்துக்குள் இருக்கட்டும். பல் எண்ணிக்கை, 24 என்றால் வேகமான முரட்டு வெட்டு; பத்து அங்குலத்தில் 60 முதல் 80 என்றால் சிராய் தூக்காத சுத்தமான வெட்டு. நடுத்துளை மிஷினுக்குப் பொருந்த வேண்டும். பிளேடில் அச்சிட்ட அதிகபட்சச் சுழற்சி மிஷினின் வேகத்துக்குக் குறையக்கூடாது. எட்டரை அங்குல பிளேடு நிமிடத்துக்கு 5,000 முறை சுற்றினால் பல்லின் நுனி மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. விரலுக்கு அங்கே இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, பிளேடு நல்லாத்தான் போட்ட" என்றான். எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.