சிறுவர் முழங்கை முறிவில் உட்புறக் கம்பியின் தேவை: ஒரு மறுபரிசீலனை

சிறுவர்க்கு முழங்கையில் நேரும் முறிவுகளுள் மிகுதியாகக் காணப்படுவது, மேற்கை எலும்பின் கீழ்முனையில், மூட்டுக்குச் சற்று மேலே எலும்பு தட்டையாகி மெலிந்திருக்கும் இடத்தில் ஏற்படும் முறிவாகும். ஐந்து முதல் ஏழு வயதுவரை உள்ள பிள்ளைகள் கையை ஊன்றி விழும்போது பெரும்பாலும் இது நேர்கிறது. கார்ட்லண்ட் 1959இல் வகுத்த முறைப்படி, விலகாத முறிவு முதல் வகை; விலகியும் பின்புற எலும்புப் புறணி அறாமல் கீல்போல் நிற்பது இரண்டாம் வகை; இரு துண்டுகளும் முற்றிலும் பிரிந்துவிடுவது மூன்றாம் வகை. மூன்றாம் வகையை மயக்க நிலையில், சதையைத் திறக்காமலே இழுத்து நேர்ப்படுத்தி, தோல்வழியாகக் கிர்ஷ்னர் கம்பிகளைச் செலுத்தி நிறுத்துவதே இன்று பொதுவான சிகிச்சை. கம்பிகளை வெளிப்புறத்திலிருந்து மட்டும் செலுத்துவதா, உட்புறத்திலிருந்தும் ஒன்றைச் செலுத்திக் குறுக்காக அமைப்பதா என்பதில்தான் கருத்து வேறுபாடு நிலவுகிறது.

குறுக்குக் கம்பிகளை ஆதரிப்போரின் வாதம் வலுவற்றதன்று. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 விழுக்காடு தோள்பக்கத்து வளர்ச்சித் தட்டிலிருந்தும், எஞ்சிய 20 விழுக்காடு மட்டுமே முழங்கைப் பக்கத்திலிருந்தும் கிடைப்பதால், இங்கே கோணலாகக் கூடிய எலும்பு வளர்ச்சியின் போக்கில் தானாக நிமிர்வது அரிது. கீழ்த்துண்டு சுழன்று உட்புறம் சாய்ந்துவிட்டால், கையை நீட்டும்போது முன்கை உடலை நோக்கி வளைந்து நிற்கும் உள்வளை முழங்கை உண்டாகிறது. இது வளர்ச்சிக் குறைபாடன்று, சரியாக நேர்ப்படுத்தாததன் அல்லது நேர்ப்படுத்தியது நழுவியதன் விளைவே. ஆய்வகத்தில் செயற்கை எலும்பைத் திருகிப் பார்த்த பல சோதனைகளில், இரு வெளிப்புறக் கம்பிகளைவிடக் குறுக்குக் கம்பிகளே முறுக்கு விசையை நன்கு தாங்கின.

ஆயினும் ஆய்வக மேசையில் அல்நார் நரம்பு இல்லை. முழங்கையின் உட்புற முண்டுக்குப் பின்னே தோலுக்கு மிக அருகில் ஓடும் இந்நரம்பே சுண்டுவிரலுக்கு உணர்வையும், உள்ளங்கைச் சிறு தசைகள் பலவற்றிற்கு இயக்கத்தையும் தருவது. கையை முழுதும் மடக்கும்போது, சில பிள்ளைகளிடம் இது முண்டின்மேல் ஏறி முன்னே நழுவிவிடும்; வீங்கிய முழங்கையில் விரலால் தடவி அதன் இடத்தை உறுதிசெய்வதும் கடினம். ஸ்காக்ஸும் உடனாய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட 345 பிள்ளைகளின் பதிவுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன: வெளிப்புறக் கம்பி மட்டும் செலுத்தப்பட்ட 125 பேரில் ஒருவருக்கும் இந்நரம்பு பாதிக்கப்படவில்லை, கையை மிகையாக மடக்காமல் உட்புறக் கம்பி செலுத்தப்பட்ட 149 பேரில் 4 விழுக்காட்டினருக்கும், மிகையாக மடக்கிச் செலுத்தப்பட்ட 71 பேரில் 15 விழுக்காட்டினருக்கும் பாதிப்பு நேர்ந்தது.

கோச்சர் குழுவினர் 2007இல் 52 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டபோது, இரு முறைகளிலும் பெரிய நழுவலோ நரம்புச் சேதமோ நேரவில்லை. சிறு நழுவல் மட்டும் வெளிப்புறக் குழுவின் 28 பேரில் 6 பேருக்கும், குறுக்குக் குழுவின் 24 பேரில் ஒருவருக்கும் காணப்பட்டது. இவ்வளவு சிறிய தொகுதியால் அரிய சேதங்களைப் பற்றி எதையும் நிறுவ இயலாது என்பதை, இவ்வாய்வை இரு தரப்பும் மேற்கோள் காட்டும் விதமே உணர்த்திவிடுகிறது.

நழுவலுக்கு உண்மையான காரணத்தைச் சங்கர் முதலியோரின் 2007ஆம் ஆண்டு ஆய்வில் காணலாம். அவர்கள் பரிசீலித்த 279 முறிவுகளில் 8 நழுவின. அவற்றுள் 7 இரு வெளிப்புறக் கம்பிகளால் நிறுத்தப்பட்டவை. எனினும் அங்கே தவறியது கம்பியின் பக்கமன்று, கம்பி நின்ற விதம்: இரு துண்டுகளையும் இரு கம்பிகளாவது பற்றாமை, எதிர்ப்புற எலும்புப் புறணியைத் துளைத்துச் செல்லாமை, முறிவுக் கோட்டில் கம்பிகளுக்கிடையே 2 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமை. இரு கம்பிகளையும் ஒன்றையொன்று ஒட்டிச் செருகினால், அவை ஒரே கம்பியாகவே நடந்துகொள்ளும். கீழ்த்துண்டு அதைச் சுற்றிக் கதவுபோல் திரும்பும். அவற்றை விசிறிபோல் விரித்து, ஒன்றை வெளிப்புறத் தூணிலும் மற்றொன்றை நடுப்பகுதி கடந்து உட்புறத் தூணிலும் பதித்தால் சுழற்சி தடுக்கப்படும். எலும்பு கூடி, கம்பியை உருவ மூன்று அல்லது நான்கு வாரங்களே ஆகும் நிலையில், தேவைப்படுவது அந்தக் காலத்துக்குப் போதுமான உறுதியே தவிர, ஆய்வகம் அளக்கும் உச்ச உறுதியன்று.

எனவே உட்புறக் கம்பியை வழக்கமாகக் கொள்வதற்குப் போதிய நியாயம் இல்லை. அதை முற்றாக விலக்குவதும் அவ்வாறே. உட்புறத் தூண் நொறுங்கியிருந்தாலோ, முறிவுக்கோடு சாய்வாகச் சென்று வெளிப்புறக் கம்பிக்குப் பிடிமானம் தராவிட்டாலோ, முதலில் மூன்றாம் வெளிப்புறக் கம்பியைச் சேர்த்து, சி-ஆர்ம் எக்ஸ்-கதிர்த் திரையின்கீழ் கையை மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் துண்டு ஆடினால், வெளிப்புறக் கம்பிகள் தாங்கியிருக்கும் நிலையிலேயே முழங்கையை நீட்டி, நரம்பைப் பின்னே தளரவிட்டு, உட்புற முண்டின்மேல் சிறு கீறலிட்டு எலும்பை நேரில் கண்ட பின்னரே அக்கம்பியைச் செலுத்துவது தகும்.