ஆசிரியர் கற்ற விஞ்ஞானம்

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணற்பரப்பில் லைட்ஹவுஸ் குப்பம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. 1859ஆம் ஆண்டில் அங்கே அமைந்த கலங்கரை விளக்கத்தால் வந்த பெயர் அது. பழவேற்காடு என்றவுடன் டச்சுக்காரர் நினைவே பலருக்கும் வருகிறது. 1613இல் அவர்கள் கட்டிய கெல்திரியாக் கோட்டையும் அவர்களுடைய கல்லறைகளும் அதற்குக் காரணம். ஆயினும் விளக்கு அவர்கள் வைத்ததன்று. 1825இல் அவர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய், முப்பத்து நான்கு ஆண்டுகள் சென்ற பின்னரே அது ஏற்றப்பட்டது.

விளக்குக்கு மூன்றாண்டு மூத்தது ஒன்று சென்னையில் உண்டு. 1854இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையின் பயனாக, 1856இல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் பள்ளியொன்று அரசாங்கத்தாரால் தொடங்கப்பெற்றது. அதுவே பின்னர் வளர்ந்து சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களும் அங்கே பயிற்சி பெற்றவரே. விளக்கு கப்பலோட்டிக்கு வழி காட்டியது. பயிற்சிப் பள்ளி ஆசிரியருக்கு வழி காட்ட வந்தது. ஏரிக்கரைப் பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் எப்படி வந்தது என்று எழுதியவர் பலர் உண்டு. ஆசிரியருக்கு அது எப்படி வந்தது என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

தொடக்கக் காலத்தில் அது வரவேயில்லை எனலாம். சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் 'பலன் கண்டு மானியம்' என்னும் முறை நடந்தது. ஆண்டுக்கொரு முறை இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளை வாசித்தால், எழுதினால், கணக்குப் போட்டால் பள்ளிக்குப் பணம் உண்டு. மழை ஏன் பெய்கிறது என்று பிள்ளை கேட்டால் அதற்குப் பணமில்லை. மானியம் இல்லாத கேள்விக்கு வகுப்பில் இடம் ஏது? பின்பு 'பொருட்பாடம்' வந்தது. உப்பையோ கண்ணாடியையோ மேசைமேல் வைத்து, அதன் நிறம் என்ன, குணம் என்ன என்று கேட்பது அதன் முறை. நோக்கம் நல்லது. நடைமுறையிலோ, உப்பு வெண்மையானது, நீரில் கரைவது என்று பிள்ளைகள் கூட்டாகச் சொல்லும் மனப்பாடமாக அது முடிந்தது. உப்பங்கழியில் கால் நனைத்து வந்த பிள்ளைக்கு உப்பு கரையும் என்று சொல்லிக்கொடுப்பதை என்னவென்று சொல்வது!

1937இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, டாக்டர் ஜாகீர் உசேன் குழுவினர் வகுத்த பாடத்திட்டத்தில் பொது விஞ்ஞானத்துக்குத் தனியிடம் கிடைத்தது. செடி கொடிகள், உயிரினங்கள், உடல் நலம், இரசாயனம் ஆகியவற்றோடு விண்மீன்களை அறிதலும் அதில் சேர்ந்திருந்தது. இரவில் விண்மீன் பார்த்துக் கரை சேரும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இதனினும் பொருத்தமான பாடம் வேண்டுமா? ஆனால் ஆதாரப் பள்ளி என்றால் இராட்டினம் என்றே பெரும்பாலோர் எண்ணிவிட்டனர். விண்மீன் ஏட்டோடு நின்றது.

விடுதலைக்குப் பின் காரியங்கள் விரைந்தன. 1952-53இல் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பொது விஞ்ஞானம் எல்லா மாணவர்க்கும் வேண்டும் என்றது. 1956இல் சிம்லா மலைப்பகுதியில் தாராதேவி என்னுமிடத்தில் நாடெங்கிலுமிருந்து விஞ்ஞான ஆசிரியர்கள் கூடிப் பாடத்திட்டத்தையும் சோதனைச் சாலைகளையும் ஆராய்ந்தனர். நம் மாவட்டமும் சும்மா இருக்கவில்லை. காமராசர் ஆட்சியில் பொதுக் கல்வி இயக்குநராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுள் முதலாவது, 1958இல் இங்கிருந்து தொலைவில்லாத கடம்பத்தூரில்தான் நடந்தது. ஊரார் தம் ஊர்ப் பள்ளிக்கு வேண்டியதைத் தாமே கொணர்ந்து கொடுத்த காலம் அது.

அதற்கிடையே, 1957 அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்கா திடுக்கிட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முந்திய ஆண்டே ஜெரால்டு சக்காரியாஸ் முதலிய பௌதிக அறிஞர்கள் பள்ளிப் பௌதிகத்தைப் புதிதாக எழுதத் தொடங்கியிருந்தனர். அம்முயற்சிக்கு இப்போது பணம் பெருகிற்று. பெரிய விஞ்ஞானிகள் பள்ளி ஆசிரியரோடு ஒரே மேசையில் அமர்ந்து பாடம் எழுதினார்கள் என்பதுதான் அதன் சிறப்பு. புதிய பாடத்தை நடத்தும் ஆசிரியரைக் கோடை விடுமுறையில் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் பயிற்றினார்கள். அந்தக் கோடைப் பயிற்சி 1963இல் இந்தியாவுக்கும் வந்தது.

அதன் பயனை நான் கண்ணால் கண்டேன். எழுபதுகளில் எனக்குப் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் அத்தகைய பயிற்சிக்குப் போய் வந்தவர். வந்தவுடன் பழைய படச் சட்டத்திலிருந்து ஒரு கண்ணாடியைக் கழற்றி, நாற்புறமும் மரச்சட்டம் வைத்து மெழுகால் அடைத்து, அலைத்தொட்டி செய்தார். நீரூற்றி, கீழே வெள்ளைத்தாள் விரித்து, மேலே விளக்கை வைத்து, விரலால் நீரைத் தொட்டார். தாளில் அலையின் நிழல் விரிந்தது. தொட்டியின் ஒரு பக்கம் இன்னொரு கண்ணாடித் துண்டை மூழ்க வைத்து ஆழத்தைக் குறைத்தார். அலை அங்கே மெதுவாகிச் சற்றே திரும்பிற்று. அன்று மாலையே எங்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், சாய்ந்து வரும் அலை ஆழங்குறைந்த இடத்துக்கு வந்ததும் கரைக்கு நேராகத் திரும்புவதைக் காட்டினார். பிறந்தது முதல் பார்த்த அலையை அன்றுதான் பார்த்தேன். கலங்கரை விளக்கின் வில்லை ஒளியை வளைப்பதும் இதே கணக்கு என்று அவர் சொன்னபோது எங்களில் பாதிப்பேர் நம்பவில்லை.

இதே ஆண்டுகளில் இன்னொரு வழியும் திறந்தது. 1961இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு தில்லியில் அமைந்தது. 1963-64இல் யுனெஸ்கோ நிறுவனம் அனுப்பிய சோவியத் நிபுணர்கள் நம் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து, சோதனையின்றி விஞ்ஞானம் இல்லை என்று எழுதினர். அதைத் தொடர்ந்து, யூனிசெப் உதவியுடன் சோதனைக் கருவிப் பெட்டிகள் பள்ளிகளுக்கு வந்தன. சிறு பெட்டிதான். ஆனால் குழாய்கள், வில்லைகள், காந்தம், தராசு என்று ஒரு சோதனைச் சாலையே அதற்குள் அடங்கியிருந்தது.

எண்பதுகளின் நடுவில் நான் வேலையேற்ற பள்ளியிலும் அத்தகைய பெட்டி ஒன்று இருந்தது, அலமாரியில், பூட்டோடு. சாவியைக் கேட்டேன். அப்போதிருந்த தலைமையாசிரியர் சரக்குப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். பொருள் ஒவ்வொன்றும் எண்ணோடு பதிவாகியிருந்தது. "ஒன்று உடைந்தாலும் உம் சம்பளத்தில் பிடிப்பார்கள், எனக்கும் விளக்கம் கேட்டு ஓலை வரும்," என்றார். அவரைக் குறை சொல்ல நான் துணியேன். அந்த விதியை எழுதியவருக்குக் கண்ணாடி உடையாமல் விஞ்ஞானம் நடக்காது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பெட்டி ஓர் உடைசலுமின்றி நெடுநாள் வாழ்ந்தது. நானும் தலைமையாசிரியரான பின்தான் பூட்டைத் திறந்தேன். முதல் வாரத்தில் இரண்டு குழாய்கள் உடைந்தன. பணம் நான் கட்டினேன்.

பெட்டிக்கும் மேலான ஒன்றைக் கோத்தாரிக் குழு 1966இல் சொல்லியிருந்தது. பத்தாம் வகுப்பு வரை விஞ்ஞானம் எல்லார்க்கும் கட்டாயம் என்ற அதன் பரிந்துரையைப் பலரும் அறிவர். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை இரண்டு மூன்று மாதம் பயிற்சி வேண்டும் என்று அதே அறிக்கை கூறியதை அறிந்தவர் சிலரே. என் முப்பத்தைந்து ஆண்டுப் பணிக்கு அந்தக் கணக்கில் பதினான்கு மாதமாவது வரவேண்டும். நான் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஐந்து மாதம் தேறவில்லை. அதிலும் பாதி, படிவம் நிரப்பக் கற்ற நாள்கள்.

நன்றாக நடந்த பயிற்சிகளும் உண்டு. 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. எங்களுக்குத் திரூர். அங்கே கிடைத்த பாடத்தைவிட, வேறு பள்ளி ஆசிரியர்களோடு பகலுணவு வேளையில் பேசியதால் கிடைத்தது அதிகம். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அதன் சிறுவர் இதழான 'துளி'ரும், 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் ஆணை எதுவுமின்றியே ஆசிரியரைப் படிக்க வைத்தன.

பாடத்திட்டமோ மாறிக்கொண்டே இருந்தது. பௌதிகம் இயற்பியலாயிற்று, இரசாயனம் வேதியியலாயிற்று, விஞ்ஞானம் அறிவியலாயிற்று. பழைய சொல் என் நாவில் தங்கிவிட்டது, நேயர்கள் பொறுத்தருள்க. 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கு வந்தது. 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. 2018இல் பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டலில் புதிய நூல்கள் வெளிவந்தன. அவை அழகிய நூல்கள், கனமானவையும்கூட. கைப்பேசியால் படிக்கும் குறியீடும் அவற்றில் உண்டு. ஆனால் நூல் அச்சாகும் வேகத்தில் ஆசிரியர் அச்சாவதில்லை. 2022இல் வானவில் மன்றம் என்னும் திட்டத்தால் கருவிகளோடு பள்ளிக்கு வந்து சோதனை காட்டும் இளைஞர்களை நான் மனமார வரவேற்கிறேன். அவர்கள் சென்றபின் மறுநாள் வகுப்பில் நிற்கப்போகிறவர் யார் என்பதே என் கவலை.

அந்த மறுநாளை ஏரிக்கரையில் நன்றாக உணரலாம். வடக்கே இருப்பது ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ஆய்வு இராக்கெட் ஏவப்பட்டது. 1980 ஜூலை 18இல் ரோகிணி விண்சுற்றில் ஏறிற்று. ஏவும் நாளில் கடலுக்குப் போகவேண்டாம் என்று குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். தொழிலுக்குப் போகாத தகப்பனும் மகனும் மணலில் நின்று நெருப்புத் தூண் எழுவதைப் பார்ப்பார்கள். மறுநாள் மகன் வகுப்பில் கேட்பான்: "அங்கே காத்து இல்லையே சார், எதை உதைச்சு மேலே போகுது?" நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாகச் சொன்ன ஆசிரியன் அன்று தப்ப முடியாது. நான் ஒரு முறை தப்பப் பார்த்து அகப்பட்டுக்கொண்டேன்.

இன்னொரு முறை அகப்பட்டது உப்பில். பானம் உறிஞ்சும் குழல் ஒன்றின் அடியை மெழுகால் அடைத்து, உள்ளே சிறிது மணலிட்டால், அது நீரில் நிமிர்ந்து மிதக்கும். நல்ல நீரில் பதினாறு சென்டிமீட்டர் அமிழும் குழல், கடல்நீரில் ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் உயரும். உப்பு மிகுந்தால் நீரின் அடர்த்தி மிகும் என்பதற்கு இதனினும் மலிவான சோதனை இல்லை. கிணற்று நீருக்கு ஒரு கோடு, கடல்நீருக்கு ஒரு கோடு இட்டு, மாதந்தோறும் ஏரிநீரில் மிதக்கவிட்டுக் குறிக்கும்படி எட்டாம் வகுப்பாரிடம் சொன்னேன். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று நீர் வந்து கலந்தபோது குழல் தாழ்ந்தது. தை கழிந்ததும் உயரத் தொடங்கிற்று. எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே.

மே மாதத்தில் ஒரு மாணவி தன் குழலோடு வீட்டுக்கே வந்தாள். அவள் குறி கடல்நீர்க் கோட்டுக்கும் ஒரு மில்லிமீட்டர் மேலே இருந்தது. "தப்பாப் பார்த்திருப்பாய்," என்றேன். கடலைவிட ஏரி உப்பாக முடியாது என்று எந்த நூலிலும் நான் படித்ததில்லை; அப்படியிருந்தும் அது எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. "மூணு தரம் பார்த்தேன் சார்," என்றாள். மறுநாள் விடியலில் அவளுடைய தகப்பனாரின் படகில் போனோம். மூன்று இடத்தில் நீர் மொண்டு பார்த்தோம். மூன்றிலும் குழல் கோட்டைக் கடந்தே நின்றது.

முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தது. உள்ளே வர ஆறும் இல்லை, கடலும் இல்லை. வெயில் மட்டும் நீரைக் குடித்துக்கொண்டிருந்தது. உப்பு எங்கே போகும்? ஏழாம் வகுப்பில் ஆவியாதலை ஆண்டுதோறும் நடத்திய எனக்கு அது தோன்றவில்லை. நான் தலை குனிந்ததைக் கண்டு அம்மீனவர் சொன்னார்: "வாய் அடைச்சா ஏரி கடலைவிடக் கரிக்கும். அது எங்க தாத்தன் காலத்திலிருந்து தெரியும் சார். எவ்வளவு கரிக்கும்னுதான் தெரியாது."

அடுத்த வாரம் தம் படகில் வைத்துக்கொள்ளக் கோடு போட்ட குழல் ஒன்று வேண்டும் என்று மகளிடம் சொல்லி அனுப்பினார்.