பேரம்

பேரம் (பெயர்ச்சொல்): விலை, கூலி, நிபந்தனை முதலியவற்றை இரு தரப்பும் பேசித் தீர்மானித்தல். தெலுங்கில் வாணிகத்தைக் குறிக்கும் ‘பேரமு’ தமிழில் இவ்வாறு வழங்குகிறது. பேச்சு ஒத்துவந்தால் பேரம் படியும், இல்லையேல் முறியும். மாட்டுச் சந்தைகளில் தரகரும் வியாபாரியும் துண்டுக்கடியில் கைகோத்து, விரலைப் பிடித்தே விலை சொல்வர். சுற்றி நிற்பவருக்குத் தொகை தெரியாது. ரகசியம் காக்கும் அருமையான முறை இது. விளைபொருள் பேரத்திலோ, களமருதூர் உழவர் உளுந்தூர்பேட்டை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் அன்றைய விலையை முன்பே விசாரித்துவிட்டால், களத்துமேட்டுக்கு வரும் வியாபாரியிடம் அவர் கை ஓங்கும். எந்தப் பேரத்திலும் இந்த முன்தயாரிப்பே பாதி பலம். தொழிற்சங்க வழக்கில் ‘கூட்டுப் பேரம்’ என்பது தொழிலாளர் ஒன்றுசேர்ந்து ஊதியம் பேசுவது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1949-இல் அமைப்பாகத் திரளும் உரிமையோடு இதையும் சேர்த்து ஓர் உடன்படிக்கையை (எண் 98) ஏற்றது.